வீட்டில் பேசிய பத்து வாக்கியம்

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மகள், வயது பதினான்கு. எதிர்வீட்டு அக்கா. அக்காவின் கணவர், முழங்கால் வலிக்காரர், ஊன்றுகோலோடு வந்திருந்தார், இருந்த ஒரே நல்ல நாற்காலியை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லாரியோடு தெற்கே ஜொகூரில் இருந்தார்.

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

நான் வேலை முடிந்து அப்போதுதான் மாடி ஏறி வந்திருந்தேன். காலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. எல்லார் முகத்தையும் பார்த்தேன். முதலில் வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். லாரி ஓட்டுகிறவர் வீட்டில் அப்படித்தான் நினைப்பு ஓடும்.

மகள் சொன்னாள். இரண்டரை மணி இருக்கும். பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாசல் இரும்புக் கிரில்லை யாரோ தட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி இடுக்கில் பார்த்தாள். ஒரு சீன ஆள். முப்பது வயதுக்கு மேல். தொப்பி போட்டிருந்தான், கையில் பை. அவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று இருந்திருக்கிறாள். அவன் போகவில்லை. பேசினான்.

"தமிழ்லமா," என்றாள் மகள். "பாப்பா, சாப்டாச்சா? ன்னு கேட்டான். அம்மா வேலைக்குப் போயாச்சா? ன்னு கேட்டான். நீங்க கேப்பீங்கல்ல, கடைசியில இழுத்து, அதே மாதிரி. உங்கள மாதிரியே."

"பினாங்குல தமிழ் பேசற சீனன் இல்லாமயா இருக்கான்," என்றார் அக்காவின் கணவர். "பாசார்ல மீன்காரன் நல்லாவே பேசறான்லா."

"மீன்காரன் வீடு தேடி வந்து பாப்பான்னு கூப்பிடுவானா? நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா.

பாப்பா என்பது வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். எதிர்வீட்டு அக்காகூட அந்தப் பள்ளிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். பாப்பா என்று கூப்பிடுவது நானும் அவள் அப்பாவும்தான்.

அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு கிரில்லில் பையை மாட்டிவிட்டுப் படி இறங்கிப் போயிருக்கிறான். மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

பைக்குள் ஓர் அட்டைப் பெட்டி. மஞ்சள் நிறக் கேக், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக. பெட்டி மேல் மலாய் எழுத்தில் மேடான் என்று ஊர்ப் பெயர் போட்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியா.

அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். மேடானில் எனக்கு ஓர் ஆளைத் தெரியும். ஆளைத் தெரியாது. குரலைத் தெரியும்.

நான் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை. அங்கே இருக்கிறவர்கள் பதினெட்டுப் பேரும் சீனக் கிழவர், கிழவிகள். மலாய் பேசியவர்கள்கூட வயது ஏற ஏற அதை மறந்துவிட்டார்கள். வீட்டில் பேசிய சீன மொழி, ஹொக்கியன், மட்டும்தான் வாயில் நிற்கிறது.

பினாங்கில் பிறந்த தமிழருக்கு ஹொக்கியன் தானாக வரும். நான் சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு சரி. கல்யாணம் கட்டி இங்கே வந்தேன். எனக்கு அந்த மொழி வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கிழவி காலையிலிருந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தியா, தியா. தண்ணீர் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி அதையே சொன்னாள். மறுபடி தண்ணீர் கொடுத்தேன். மதியம் நர்ஸ் வந்து பார்த்தால் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தியா என்றால் வலிக்கிறது. முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. மூன்று மாதத்தில் பேசப் பழகு, இல்லையென்றால் துணி துவைக்கிற இடத்துக்குப் போ என்று மட்டும் சொன்னாள்.

மகள்தான் கைப்பேசியில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். உலகத்தில் யாரோ ஒருவருக்கு உன் மொழி வேண்டும், உனக்கு அவர் மொழி வேண்டும். இரண்டு பேரையும் ஓர் அறையில் சேர்த்துவிடும். எழுத வேண்டாம், பேசி அனுப்பலாம். எனக்கு அது வசதி.

அந்த ஆப்பில் ஒரு விதி இருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள். புத்தகத்தில் இருப்பதை அனுப்பக் கூடாது. அன்றைக்கு உங்கள் வீட்டில் உங்கள் வாயால் பேசிய பத்து வாக்கியத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

எனக்கு விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி செய்துதான் பழக்கம்.

எனக்கு வந்த துணை மேடான்காரி. சீனப் பெண். பினாங்கில் பேசுகிற அதே ஹொக்கியன்தான் அங்கேயும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்று சொன்னாள், அதனால் அக்கா. என்னைத் தங்கச்சி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். படம் போடும் இடத்தில் ஒரு பூவின் படம் இருந்தது. முகம் தெரியாது.

அவளுக்கு எதற்குத் தமிழ் என்று கேட்டேன். அவளுடைய பெரிய மகன் அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். மருமகள் தன் அம்மாவோடு தினமும் போனில் தமிழில் பேசுகிறாள். தன்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று இவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது நான் என் பத்தையும் அனுப்புவேன். முதலில் தமிழில் சொல்வேன். பிறகு அதன் அர்த்தத்தை மலாயில் சொல்வேன். அவள் மலாய் புரிந்தவள். அவள் அதை ஹொக்கியனில் சொல்லி அனுப்புவாள். கூடவே என் தமிழை இரண்டு தரம் திருப்பிச் சொல்வாள். அவளுடைய பத்தும் அதே மாதிரி வரும். சர்க்கரை ஏறிவிட்டது. காலில் புண் ஆறவில்லை. சின்னவன் இன்றைக்கும் வேலை தேடிப் போகவில்லை, ஊர் சுற்றப் போய்விட்டான். வீட்டில் ஐந்து மணி வரை நான் மட்டும்தான்.

ஐந்து மாதம் இப்படி. இல்லத்தில் கிழவிகள் என்னோடு பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மாமியாரைப் பற்றிக் குறை சொன்னாள். மாமியார் செத்து நாற்பது வருடம். முதலாளியம்மா துணி துவைக்கிற இடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். எனக்கு நல்ல காலம் என்றுதான் இருந்தேன்.

அன்று மாலை, அந்தப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு அக்கா கேட்டாள், நீ அவளுக்கு விலாசம் கொடுத்தாயா என்று. இல்லை என்றேன். சத்தியமாகக் கொடுக்கவில்லை. வீட்டு எண் கொடுக்கவில்லை, சாலைப் பெயர் சொல்லவில்லை.

"அப்ப எப்படி வந்தான்?"

மகள் என் கைப்பேசியை எடுத்தாள். நாங்கள் முதலிலிருந்து கேட்டோம்.

என் குரல் எனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது. அமைதியாக, தெளிவாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லியிருந்தேன்.

"பாப்பா, நான் வர ஆறு ஆவும்."

"அப்பா இன்னிக்கும் வரல. ஜொகூர்லதான்."

"லிஃப்ட் பத்துல நின்னுடும். ஒரு மாடி ஏறி வா."

"சீனக் கோயில்ல லைட்டு போட்டுட்டாங்க, ஜன்னலுக்கு வா."

"எதிர்வீட்டுல ஆளு இல்ல. கல்யாணத்துக்குப் போயிட்டாங்க."

"சாவி அப்பாவோட பழைய சப்பாத்துக்குள்ள இருக்கு."

"கதவ பூட்டிக்கோ. யாரு வந்தாலும் தொறக்காத."

ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மலாயில் அர்த்தம். அதற்குப் பின்னால் அந்த மேடான் அக்காவின் குரல், ஹொக்கியனில் ஒரு தரம், தமிழில் இரண்டு தரம். சப்பாத்துக்குள்ள இருக்கு. சப்பாத்துக்குள்ள இருக்கு.

தினமும் நான் வீட்டில் பேசுவது இதுதான். வேறு என்ன பேசுகிறேன்? பிள்ளை தனியாக இருக்கிறாள், நான் வெளியே இருக்கிறேன். என் வாயில் வருகிற பத்தில் எட்டு அதைப் பற்றித்தான். விதிப்படி அனுப்பியிருந்தேன்.

மகள் நிறுத்திவிட்டாள். "எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்கமா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"திருடனுக்கு வேற என்ன வேணும்," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "டீ மட்டும்தான் போட்டுத் தரல நீ."

அவள் கணவர் அவளை அதட்டினார். பொம்பளைக் குரல்தானே, கிழவிதானே என்று எனக்காகச் சொன்னார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. குரல் கொடுப்பதற்குக் கிழவியை வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வருவதற்கு வேறு ஆளை வைத்திருப்பார்கள். அவளுடைய கொழுந்தன் மகளுக்கு அப்படித்தான் நடந்ததாம். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மகள் பக்கத்தில் இருந்தாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு மூன்று சொன்னார். பூட்டை மாற்று. ஆப்பை எடு. பிள்ளையைத் தனியாக விடாதே. திங்கட்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார். திட்டவே இல்லை. அது எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

மகள் ஆப்பை அழித்தாள். "போயிடுச்சு," என்றாள். நானும் போய்விட்டது என்று நம்பினேன்.

வாசலில் கிடந்த சப்பாத்துக்குள்ளிருந்து சாவியை எடுத்தேன். உள்ளே எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் என் ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்தேன்.

கீழே இருக்கிற போலீஸ் சாவடிக்கும் போனேன். பையை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். என்ன தொலைந்தது என்று மலாயில் கேட்டான். ஒன்றும் தொலையவில்லை என்றேன். யாராவது அடித்தார்களா? இல்லை. கதவை உடைத்தார்களா? இல்லை. பிறகு? கேக் கொடுத்துவிட்டுப் போனான் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. எழுதி வைத்துக்கொள்கிறேன், மறுபடி வந்தால் கூப்பிடுங்கள் என்றான். கேக்கைத் திரும்பிவரும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

வெள்ளி காலை இரும்புக் கடை திறந்ததும் புதுப் பூட்டு இரண்டு வாங்கினேன். ஒன்று கிரில்லுக்கு, ஒன்று கதவுக்கு. வேலைக்குத் தாமதமாகப் போனேன். முதலாளியம்மாவிடம் கேட்டு, பள்ளி விட்டதும் மகளை இல்லத்துக்கே வரச் சொன்னேன். துணி துவைக்கிற இடத்தில், படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் படித்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். நாலாவது தரம் அவள், "இருக்கேன்மா," என்றாள், தலையைத் தூக்காமல்.

அன்றும் மறுநாளும் நான் ஹொக்கியன் பேசவில்லை. பேச வாய் வரவில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அந்தக் குரலில்தான் வந்தது. சாப்பிட்டாயா என்பதற்கு சியா பா பொய் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கிழவி தினமும் என்னை அப்படிக் கேட்பாள். அன்றும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் நகத்தை வெட்டினேன். மூன்று தரம் கேட்டுவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

லிஃப்டில் எந்தச் சீன ஆள் ஏறினாலும் மகளைச் சுவர் பக்கம் தள்ளி நான் முன்னால் நின்றேன். பதினைந்து வருடமாகப் பார்க்கிற ஆட்கள். கோழி விற்கிற கிழவர் ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க முடியவில்லை. அவர் எதற்கு இன்றைக்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். பயம் வந்தால் மனுசன் அப்படித்தான் ஆகிவிடுகிறான்.

ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு வந்தோம். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன், அக்காவின் கணவர், கீழே காப்பிக்கடையிலிருந்து போன் போட்டார்.

"தங்கச்சி, அந்த ஆளு இங்கதான் இருக்கான்னு நெனைக்கிறேன். தனியா இருக்கான். கடைக்காரன்கிட்ட பதினோராம் மாடி தமிழ்க்காரங்களப் பத்தி கேட்டான். நீ வா. நான் இருக்கேன்."

அவரால் படியில் இரண்டு எட்டு ஓட முடியாது. ஆனாலும் நான் இருக்கேன் என்றார்.

மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டேன். போலீஸுக்குச் சொல்லாமல் போகாதே என்றாள் அக்கா. அந்த ஆள் ஓடிவிட்டால் பிறகு எங்கே தேடுவது? கிரில்லில் இருந்து புதுப் பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது. கனமாக இருந்தது.

கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஒல்லி. நாலு நாள் தாடி. சட்டையைப் போட்டபடியே தூங்கி எழுந்தவன் மாதிரி கசங்கியிருந்தான். நெஞ்சில் ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மருத்துவமனையில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒட்டுவார்களே, அது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம் அக்கா. சாப்டாச்சா?"

என் குரல்தான் அது. மகள் சொன்னது சரி. அதே இழுப்பு.

அவனுக்கு அவ்வளவுதான் தமிழ். அதற்குப் பிறகு அவர்கள் ஊர் மலாயில் பேசினான். அன்றைக்குப் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான். மேடான் அக்காவின் சின்ன மகன். வேலை தேடிப் போகாதவன். பினாங்குக்கு வைத்தியத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் பெரிய நோய் என்றால் இங்கேதான் வருவார்கள். அம்மாவின் காலில் புண் பழுத்துவிட்டது. வந்த அன்றைக்கே, வெள்ளிக்கிழமை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான், அதனால் உங்களைக் கூட்டி வரச் சொன்னார் என்றான். ஆச்சரியமாக இருக்கட்டும், தங்கச்சிக்கு முன்கூட்டிச் சொல்லாதே என்றாராம். பிறகு நான் வராததும் குரல் அனுப்பிப் பார்த்திருக்கிறார். என் கைப்பேசியில் ஆப் இல்லை.

அனுப்பியதை அவன் போட்டுக் காட்டினான். வியாழன் மாலையிலிருந்து நாலு. முதல் மூன்றும் ஹொக்கியனும் தமிழும் கலந்து.

"தங்கச்சி, நான் பினாங்குல. நாளைக்குக் கால் வெட்டு. வா. பயமா இருக்கு."

நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்தான். நாலாவதில் பேச்சே இல்லை. மூச்சும், வண்டிக் கட்டில் சக்கரம் உருளுகிற சத்தமும்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அன்று ஞாயிறு. கால் வெள்ளிக்கிழமையே போயிருந்தது.

அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டார். உடனே எடுத்துக் கொடுத்தான். அண்ணன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அஞ்சு மணிக்குள் போன் வரவில்லையென்றால் போலீஸுக்குப் போவேன் என்று அவனுக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றான் அவன். வேண்டாம், பஸ் என்றேன். பஸ்ஸில் அவனை எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்காரச் சொன்னேன். முதுகு கண்ணில் படுகிற மாதிரி. பூட்டு என் மடியில் இருந்தது.

அவள் சின்ன உருவம். குரலை வைத்து நான் பெரிய உடம்பாக நினைத்திருந்தேன். போர்வை இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. தினமும் இப்படிப் பார்க்கிறவள்தான் நான். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

என்னைப் பார்த்தாள். யாரென்று யாரும் சொல்லவில்லை. "தங்கச்சி," என்றாள்.

மூன்று நாளாக மூடியிருந்த வாய். ஒன்றுதான் வந்தது. "தியா போ?" வலிக்கிறதா என்று கேட்டேன்.

வலிக்கிறது, எடுத்துப் போட்ட பாதம்தான் வலிக்கிறது என்றாள். கட்டைவிரல் அரிக்கிறது, யாரைச் சொறியச் சொல்வது என்று கேட்டாள். தலையணையைச் சரி செய்தேன். முதுகைக் கொஞ்சம் புரட்டித் துடைத்தேன். கை அதுவாகச் செய்தது. பிறகு மலாயில் சொன்னேன், நான் உன்னைப் பார்த்துப் பயந்துவிட்டேன், அதனால் வரவில்லை என்று.

தலையை ஆட்டினாள். என் மருமகளும் உன்னைப் பற்றி அப்படித்தான் சொன்னாள் என்றாள். முகம் தெரியாத இந்தியக்காரியிடம் வீட்டில் ஐந்து மணி வரை தனியாக இருக்கிறேன் என்று சொல்வார்களா என்று திட்டினாளாம். தமிழில் தன் அம்மாவிடம் திட்டினாள், எனக்குப் புரிந்துவிட்டது என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், வலி விடவில்லை.

மூன்று மணி வரை இருந்தேன். ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டாள். வெளியே வந்து எதிர்வீட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, சரிதான் அண்ணே, நல்லவங்கதான் என்றேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது உண்மை.

சின்னவன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தான். என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. வேலை இல்லாதவன் ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த பெருமை. சொன்னான். சீனக் கோயில் விளக்கு ஜன்னலில் தெரிகிற பேட்டை ஆயர் ஈத்தாம். லிஃப்ட் பத்தில் நிற்கிற அடுக்குமாடி அங்கே எது என்று காப்பிக்கடையில் கேட்டான். மூன்று கட்டடம் ஏறி இறங்கினான். பதினோராம் மாடியில் வாசலில் ஆண்பிள்ளையின் பழைய சப்பாத்து எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனான். இரண்டரைக்குப் போனது, பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் அதுதான், அவளிடமாவது சொல்லி வைக்கலாம் என்பதால்.

"சாவி உள்ளே இருந்தது," என்றான். "நான் தொடவில்லை அக்கா. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்."

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த பூட்டைப் பார்த்தேன்.

அம்மாவின் போனை வாங்கி எல்லாவற்றையும் கேட்டாயா என்றேன். இல்லை என்றான். அம்மா போன் வார்டில் அம்மாவிடமே இருந்தது. தன்னுடைய போனிலேயே கேட்டதாகச் சொன்னான். அதற்கு அம்மாவின் போன் எதற்கு என்று என்னையே கேட்டான். உங்கள் அறை பூட்டாமல்தானே இருக்கிறது. அந்த ஆப்பில் அறையைப் பூட்டாவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கலாம். கேட்கிறவர்கள் பேச வேண்டியதில்லை. முகமும் காட்ட வேண்டியதில்லை. மற்றவர் பேசுவதைக் கேட்டுப் பழகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதா?

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவன் கை காட்டினான். நானும் காட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து முதலில் கதவைப் பூட்டினேன். மகளிடம் சொன்னேன். அந்த ஆப்பைத் திரும்பப் போடச் சொன்னேன். எதற்குமா என்றாள். போடு என்றேன்.

போட்டாள். அறை அப்படியே இருந்தது. அழித்தது என் கைப்பேசியிலிருந்துதான். ஐந்து மாதமும் வரிசையாக உள்ளே இருந்தது. மகள் தடவித் தடவித் தேடினாள். அறையை மூட வேண்டுமென்றால் இரண்டு பேரும் அழுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் அழுத்தினாள். மற்றவருக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. மற்றவர் மருந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்த ஆன்டி எழுந்ததும் சொல்லுங்கமா," என்றாள் மகள்.

அறையின் தலைப்பில் சின்னதாக ஒரு காது படம் இருந்தது. ஐந்து மாதமாகப் பார்க்கிற படம். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் ஓர் எண்.

"இது என்ன?"

மகள் அதை அழுத்திப் பார்த்தாள். கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள்.

"கேட்டவங்கமா."

"எத்தன தரம் கேட்டாங்கன்னா?"

"இல்லமா. ஆளுங்க. எத்தன பேருன்னு."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நானே வாசித்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.